குழந்தையின் மனமும் பெற்றோரின் ஓய்வும்

குழந்தைகளுக்குக் கவலை ஏது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். வீட்டில் துன்பம் நேரும்போது அதனைக் குழந்தையிடமிருந்து மறைத்துவிட்டால் அதன் மனம் நலமாக இருக்கும் என்றும் நம்புகிறோம். அன்பினால் எழும் நம்பிக்கைதான் இது. ஆயினும் சரியான நம்பிக்கையன்று. இதனை நாங்கள் எங்கள் வீட்டிலேயே பட்டறிந்தோம். சொந்த ஊரை விட்டு வெளி மாநிலங்களில் வாழும் குடும்பங்களுக்குப் பயன்படக்கூடும் என்று கருதி அதனை இங்கே கூறுகிறோம்.

2020-ஆம் ஆண்டு மார்ச் 25-ஆம் தேதி நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. பயணிகள் ரயில்கள் அதற்கு முன்பே நின்றுவிட்டன. உள்நாட்டு விமானங்கள் மே 25-ஆம் தேதிதான் மீண்டும் புறப்பட்டன. இடைப்பட்ட ஏப்ரல் மாதத்தில், தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் எங்கள் தந்தையார் காலமானார். டில்லியில் அரசாங்கக் குடியிருப்பில் இருந்த நாங்கள் ஈமச் சடங்குகளைக் கைப்பேசித் திரையில் கண்டோம். ஏழு வயது மகனிடம், "தாத்தா தூங்குகிறார், பிறகு பேசலாம்" என்று சொல்லிவைத்தோம்.

பத்து நாட்களுக்குள் அவன் இரவில் படுக்கையை நனைக்கத் தொடங்கினான். தூங்கவே அஞ்சினான். காலையில் வயிற்றுவலி என்றான். ஒருநாள் நாங்கள் கடிந்துகொண்டபோது, அழுகையினூடே இந்தியில், "மேரீ வஜஹ் ஸே?" என்று கேட்டான். 'என்னாலா?' என்பது அதன் பொருள். அருகில் அமர்த்தி மெல்ல விசாரித்தோம். தாத்தா கடைசியாகத் தொலைபேசியில் அழைத்தபோது, விளையாட்டு மும்முரத்தில் அவன் பேச மறுத்திருக்கிறான். தாத்தா பிறகு அழைக்காததும், தாயின் கண்கள் சிவந்திருந்ததும், தந்தை முகம் கொடுத்துப் பேசாததும் தன் குற்றத்தினால் விளைந்தவை என்று அவனாகவே முடிவு செய்திருந்தான்.

இதில் வியப்பேதும் இல்லை. சிறு குழந்தைகள் தம்மைச் சுற்றி நிகழ்வனவற்றைத் தம்மோடு இணைத்தே புரிந்துகொள்வர். செய்தி கிடைக்காதபோது பெற்றோரின் முகத்தைப் படிப்பர். 1970-களில் எட்வர்டு டிரானிக் என்னும் அமெரிக்க உளநூல் அறிஞர் இதுபற்றி ஒரு சோதனை நடத்தினார். கைக்குழந்தையைக் கொஞ்சிக்கொண்டிருந்த தாயை, சிறிது நேரம் முகத்தில் எவ்வித மாறுதலும் காட்டாமல் இருக்கச் சொன்னார். குழந்தை சிரித்துப் பார்த்தது, கையை நீட்டியது, பயன் காணாமல் கலங்கி முகத்தைத் திருப்பிக்கொண்டது. கைக்குழந்தையே தாயின் முகத்தை இவ்வளவு கூர்ந்து நோக்குமாயின், ஏழு வயதுச் சிறுவனிடம் எதனை மறைக்க இயலும்?

இரண்டாம் உலகப் போரின்போது லண்டனில் குழந்தைகள் இல்லம் நடத்திய அன்னா பிராய்டு, டாரதி பர்லிங்காம் ஆகிய இருவரும் இதையொத்த ஒன்றைக் கண்டனர். குண்டுவீச்சைக் காட்டிலும் தாயைப் பிரிந்திருப்பதே பல குழந்தைகளை மிகுதியாக வாட்டியது. கலங்காத பெரியவர் ஒருவர் உடனிருந்தால், குழந்தைகள் பெரிய ஆபத்தையும் தாங்கிக்கொண்டனர்.

ஆகவே, துன்பக் காலத்தில் குழந்தைக்கு மூன்று செய்திகளைச் சொல்லவேண்டும். என்ன நடந்தது என்பது ஒன்று; அது உன்னால் நேர்ந்ததன்று என்பது இரண்டு; உன்னைக் கவனித்துக்கொள்ள நாங்கள் இருக்கிறோம் என்பது மூன்று. வயதுக்கேற்ற எளிய சொற்கள் போதும். ஆனால், அவை உண்மையாக இருத்தல் வேண்டும். இறந்தவரைத் தூங்குகிறார் என்றால் குழந்தை தூக்கத்துக்கே அஞ்சும். ஊருக்குப் போயிருக்கிறார் என்றால் ஊருக்குச் செல்லும் ஒவ்வொருவரையும் எண்ணிக் கலங்கும்.

குழந்தை பதில் சொல்லும் மொழியைப் பற்றியும் ஒரு சொல். வீட்டில் தமிழே பேசவேண்டும் என்பதில் நாம் கருத்தாக இருக்கிறோம், இருக்கவும் வேண்டும். ஆனால், பள்ளியிலும் தெருவிலும் இந்தியோ மராத்தியோ வங்காளியோ பேசி வளரும் குழந்தைக்கு, அச்சம் அந்த மொழியிலேயே வாய்க்கு வரலாம். அவ்வேளையில் "தமிழில் சொல்" என்று திருத்தலாகாது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாங்களும் அன்று அவனைத் திருத்த வாயெடுத்தோம். திருத்தியிருந்தால் அந்தக் கேள்வி அவனுக்குள்ளேயே நின்றிருக்கும்.

இனி, பெற்றோரின் நிலைக்கு வருவோம். ஊரில் துக்கம் நேர்ந்தால் அத்தையும் சித்தியும் பாட்டியும் குழந்தையை ஏந்திக்கொள்வார்கள். பெற்றோர் அழுது தீர்க்க இடம் கிடைக்கும். வெளி மாநிலத்தில் கணவனும் மனைவியும் மட்டுமே இருக்கிறோம். அழுகையை அடக்கிக்கொண்டு சமையலையும் அலுவலகக் கோப்புகளையும் பார்க்கிறோம். அடங்கிய துயரம் சிடுசிடுப்பாகக் குழந்தையின்மேல் விழுகிறது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? பெற்றோர் தம் உடலையும் மனத்தையும் பேணுவது தன்னலம் அன்று. அது குழந்தைக்குச் செய்யும் பணியில் ஒரு பகுதி.

நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடு மிகச் சிறியது. மாலையில் ஒருவர் குழந்தையுடன் இருக்க, மற்றவர் அரைமணி நேரம் மொட்டை மாடிக்குச் சென்றுவருவது; பிறகு முறை மாற்றிக்கொள்வது. அந்நேரத்தில் கைப்பேசி கூடாது. செய்திகளை நாளுக்கு ஒருமுறை மட்டும் கேட்பது. உணவும் உறக்கமும் குறித்த வேளை தவறாமல் பார்த்துக்கொள்வது. நேரம் தவறாத அன்றாட வாழ்வு, பெரியவரைப் போலவே குழந்தைக்கும் ஊன்றுகோலாகிறது. எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மையார் நாள்தோறும் தம் வாசலில் நின்றபடியே எங்களிடம் நலம் விசாரிப்பார். அதுவும் ஓர் ஆறுதலாக இருந்தது. அண்டை வீட்டார் எந்த மொழியினராயினும், உதவி கேட்கக் கூசவேண்டியதில்லை.

இவ்வளவு செய்தும் சில நாட்களில் பொறுமை இழந்து கத்திவிட்டோம். அப்போது, "அப்பாவுக்குக் களைப்பு, உன்மேல் கோபம் இல்லை, கத்தியது தவறு" என்று சொல்லப் பழகினோம். இதனால் பெற்றோரின் மதிப்பு குறைவதில்லை. குழந்தையின் அச்சம் குறைகிறது.

படுக்கையை நனைத்தல், உடல்நோய் இன்றி வலி என்று சொல்லுதல், தாயை விடாமல் பற்றிக்கொள்ளுதல் ஆகியன சிறுவர்களிடம் காணும் அறிகுறிகள். வளர்ந்த பிள்ளைகளிடம் எரிச்சல், தனிமை, உறக்கக் குறைவு, படிப்பில் நாட்டமின்மை ஆகியன தோன்றும். சில வாரங்களில் இவை குறையாவிடில் மருத்துவரை அணுகவேண்டும். உயிர் வாழ விருப்பமில்லை என்று பிள்ளை சொன்னால் ஒரு நாளும் காத்திருத்தல் ஆகாது. மத்திய அரசு 2022 அக்டோபர் 10-ஆம் தேதி தொடங்கிய 'டெலி மானஸ்' மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலும் பேசலாம். பெற்றோரும் தமக்காகவே அந்த எண்ணை அழைக்கலாம்.

எங்கள் மகனிடம் உண்மையைச் சொன்ன அன்று அவன் நெடுநேரம் அழுதான். நாங்களும் அவனோடு சேர்ந்து அழுதோம். பிறகு அவன், தாத்தாவிடம் பேசாமல் போனதற்கு மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதவேண்டும் என்றான். எழுத்துப் பிழைகள் நிறைந்த அந்தக் கடிதத்தைப் படத்தின் அடியில் வைத்தோம். அன்றிரவு விளக்கை அணைக்கச் சம்மதித்தான். சில வாரங்களில் படுக்கை நனைவதும் நின்றது. துன்பம் வராமல் தடுப்பது நம் கையில் இல்லை. அதனைக் குழந்தை தனியாகச் சுமக்காமல் பார்த்துக்கொள்வது நம் கையில் உள்ளது.