அமைதியான இடம் தேடுறீங்களா? நாலு தடவை போய்ப் பாருங்க!

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே திரும்பி, ஒரு சவுக்குத் தோப்புக்குப் பக்கத்தில் கார் நிற்கிறது. இறங்கியதும் முகத்தில் சிலுசிலுவென்று கடல் காற்று. ஹாரன் சத்தம் இல்லை. புகை இல்லை. "சார், இங்கே குடி வந்துட்டீங்கன்னா பி.பி. மாத்திரையே தேவைப்படாது!" என்கிறார் புரோக்கர். உங்கள் வீட்டுக்காரியின் முகத்திலும் மலர்ச்சி. அடுத்த வாரமே அட்வான்ஸ் கை மாறிவிடுகிறது.

ஆறு மாதம் போகட்டும். "போர் தண்ணி ஒரே உப்பு. சனிக்கிழமை ஆனா ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் மைக் செட். போன மாசம் இவருக்கு நெஞ்சு வலி வந்தப்போ எங்கே தூக்கிட்டுப் போறதுன்னே தெரியலை!" என்று நீங்களே புலம்ப நேரலாம்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. 'ரிடையர் ஆனதும் செங்கல்பட்டுப் பக்கமோ, மாமல்லபுரம் பக்கமோ போய் நிம்மதியா இருக்கணும்' என்று நினைக்கிற குடும்பங்கள் ஏராளம். நல்ல ஆசைதான். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தை மட்டும் நம்பி முடிவெடுத்தால்தான் வம்பு!

காற்று மாறினால் உடம்பு தேறுமா?

"கொஞ்ச நாள் காத்து மாறி இருந்துட்டு வாங்க" என்று அந்தக் காலத்து டாக்டர்கள் சொல்வார்கள். அதில் அர்த்தம் இருந்தது. காசநோய்க்கு மருந்தே கண்டுபிடிக்காத காலம் அது. 1928-ல் டாக்டர் டேவிட் சௌரி முத்து, காசநோயாளிகளுக்கு ஒரு சானடோரியம் தொடங்கத் தேர்ந்தெடுத்த இடம் தாம்பரம். காரணம், அன்று அது பட்டணத்துக்கு வெளியே, சுத்தமான காற்று வீசுகிற அமைதியான இடம்.

இன்று தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தில் இறங்கிப் பாருங்கள். ஜி.எஸ்.டி. சாலையின் இரைச்சல் காதைப் பிளக்கும். மருத்துவமனை இடம் மாறவில்லை. ஊர்தான் அதைத் தேடி வந்து சூழ்ந்துகொண்டது!

அதே ஊர் இப்போது இன்னும் தெற்கே நகர்ந்துகொண்டிருக்கிறது. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கத்தில் புதிய பேருந்து முனையம் திறக்கப்பட்டது. ஆகவே, 'இங்கே இப்போ அமைதியா இருக்கா?' என்று கேட்டால் மட்டும் போதாது. 'பத்து வருஷம் கழிச்சும் இருக்குமா?' என்றும் கேட்க வேண்டும். பக்கத்துக் காலி மனை எப்போதும் காலியாகவே இருக்காது. அங்கே வரப்போவது வீடா, கல்யாண மண்டபமா, லாரி ஷெட்டா என்று விசாரித்துவிடுங்கள்.

சரி, எப்படித்தான் தேர்ந்தெடுப்பது? ஒரே இடத்தை நாலு தடவை போய்ப் பாருங்கள். ராத்திரியில் ஒரு தடவை, மழையில் ஒரு தடவை, கோடையில் ஒரு தடவை, கையில் கடிகாரத்தோடு ஒரு தடவை.

முதல் தடவை: ராத்திரியில்

கண்ணை மூடிக்கொள்ளலாம். காதை மூட முடியாது. நாம் தூங்கினாலும் காது தூங்குவதில்லை. நள்ளிரவில் ஒரு லாரி ஹாரன் அடித்தால் நீங்கள் விழிக்காமல் இருக்கலாம். ஆனால் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஒரு கணம் எகிறி இறங்கும். தினமும் ராத்திரி இப்படியே நடந்தால் ரத்தக் கொதிப்பும் இதய நோயும் வரும் வாய்ப்பு கூடுகிறது. இரவில் வீட்டுக்கு வெளியே கேட்கிற சாலை இரைச்சல் சராசரியாக 45 டெசிபலுக்குள் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் சொன்னது இதனால்தான்.

நம் நாட்டுச் சட்டமும் அதே கணக்குதான். 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை 45 டெசிபல். ஏட்டில் இருக்கிற விதி உங்கள் தெருவிலும் இருக்கிறதா என்பதை நீங்கள்தான் போய்க் கேட்டுப் பார்க்க வேண்டும்.

செங்கல்பட்டு ஜங்ஷனுக்குப் பக்கத்தில் வீடு என்றால் ரயில் வசதி பிரமாதம். ஆனால் கூட்ஸ் வண்டிகள் ராத்திரியிலும் ஓடும். லெவல் கிராஸிங் பக்கம் என்றால் ஹாரன் நிச்சயம். ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய வீடு என்றால் விடிய விடிய பஸ்ஸும் லாரியும். கடற்கரைச் சாலையிலோ நிலைமை தலைகீழ்! திங்கள் முதல் வியாழன் வரை நிசப்தம்; வெள்ளி மாலை தொடங்கினால் ஞாயிறு வரை கார்களும் ரிசார்ட் பாட்டும். அதனால் செங்கல்பட்டுப் பக்கம் என்றால் வேலை நாளில் போய் ராத்திரி தங்குங்கள். மாமல்லபுரம் பக்கம் என்றால் சனிக்கிழமை ராத்திரி தங்குங்கள்.

இன்னொன்று. மாமல்லபுரத்தில் உளிச் சத்தம் காதுக்குச் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் பல பட்டறைகளில் இப்போது கல் அறுக்கும் மெஷின் ஓடுகிறது. சத்தத்தோடு நுண்ணிய கல் தூசும் பறக்கிறது. அது நுரையீரலுக்கு ஆகாது. வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் பட்டறைத் தெருக்களிலிருந்தும், கல் குவாரி லாரிகள் போகிற பாதையிலிருந்தும் தள்ளியே வீடு பாருங்கள். கடற்கரை ஈரப்பதத்தில் சுவர் பூஞ்சணம் பிடித்தாலும் இவர்களுக்கு இழுப்பு வரலாம். 'கடல் காத்து எல்லாருக்கும் நல்லது' என்று கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம்.

இரண்டாம் தடவை: மழையில்

செங்கல்பட்டு ஏரிகள் நிறைந்த மாவட்டம். ஊருக்குள் நுழையும்போதே ரயில் ஜன்னலில் கொளவாய் ஏரி தெரிகிறதே, அது மாதிரி சின்னதும் பெரிதுமாக எத்தனையோ! ஏரிகள் ஒன்றோடொன்று கால்வாய்களால் இணைந்திருக்கின்றன. ஒன்று நிரம்பினால் அடுத்ததற்குத் தண்ணீர் போகும். அந்த வழியில் மனை போட்டுவிட்டால்? தண்ணீர் வீட்டுக்குள்தான் வரும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தாம்பரத்தை அடுத்த முடிச்சூர் பட்ட பாடு பலருக்கும் நினைவிருக்கும்.

ஊர்ப் பெயரும் தெருப் பெயருமே பல சமயம் குட்டை உடைத்துவிடும். தாங்கல், ஓடை, பள்ளம் என்று பெயர் இருந்தால் உஷார்! அக்கம்பக்கத்தில் பெரியவர்களைக் கேளுங்கள்: "2015-ல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" சுவரில் கை வைத்துக் காட்டுவார்கள். அந்தக் கை காட்டுகிற உயரம்தான் நம்பகமான ஆவணம்! அத்தோடு கிராம நிர்வாக அலுவலரிடம் புல வரைபடத்தையும் பார்த்துவிடுங்கள்.

கடற்கரையில் மழையோடு புயலும் சேர்ந்துகொள்ளும். 2022 டிசம்பர் 9 நள்ளிரவில் மாண்டஸ் புயல் கரையைக் கடந்தது மாமல்லபுரத்துக்கு அருகில்தான். 2004 டிசம்பர் 26 சுனாமியை இந்தக் கரை மறக்கவே முடியாது. 'பீச் வியூ' மனை என்று ஆசைப்படுமுன், அது உயர் அலைக் கோட்டிலிருந்து எவ்வளவு தூரம், கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் அங்கே வீடு கட்ட அனுமதிக்கின்றனவா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கம் பக்கம் போகிறவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். அணுமின் நிலையத்தைச் சுற்றி 16 கிலோமீட்டர் அவசரகாலத் திட்டப் பகுதி. பயப்படுவதற்காக அல்ல, எச்சரிக்கை வந்தால் எந்தச் சாலையில் வெளியேறுவது என்று தெரிந்து வைத்திருப்பதற்காக.

மூன்றாம் தடவை: கோடையில்

மே மாதம் போய் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துப் பாருங்கள். கடலோர மணலில் மழைநீர் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. நல்ல தண்ணீர் லேசு, உப்புத் தண்ணீர் கனம். அதனால்தான் இந்த மிதப்பு. கணக்குப்படி, கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே சுமார் 40 அடி வரை நல்ல தண்ணீர் தாங்கும். இதைத் திருப்பிப் பாருங்கள். மேலே ஒரு அடி உறிஞ்சிவிட்டால் கீழே உப்பு 40 அடி மேலேறத் துடிக்கும்! 'இன்னும் ஆழமா போர் போட்டா நல்ல தண்ணி வரும்' என்ற யோசனை கடற்கரையில் பலிக்காமல் போவது இதனால்தான்.

நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2013 முதல் இயங்குகிறதே என்று நீங்கள் கேட்கலாம். அந்தத் தண்ணீர் முக்கியமாகச் சென்னை மாநகருக்குப் போகிறது. பக்கத்தில் குடியிருப்பதாலேயே உங்கள் குழாயில் அது வந்துவிடாது.

தண்ணீரைப் பரிசோதனைக்கூடத்தில் கொடுத்துச் சோதியுங்கள். இந்திய தர நிர்ணயப்படி, கரைந்துள்ள உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு தண்ணீரே கிடைக்காவிட்டால் 2,000 வரை. ரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் சோடியம் அளவையும் கேட்டு வாங்கி டாக்டரிடம் காட்டுங்கள். சாப்பாட்டில் உப்பைக் குறைத்துவிட்டுத் தண்ணீரில் குடித்தால் என்ன பிரயோஜனம்? செப்டிக் டேங்குக்கும் கிணற்றுக்கும் நடுவே குறைந்தது 50 அடியாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். பக்கத்து வீட்டு செப்டிக் டேங்கும் இதில் சேர்த்தி!

நாலாம் தடவை: கையில் கடிகாரத்தோடு

இதுதான் பலரும் செய்யாத வேலை. இதுதான் உயிர் காக்கிற வேலையும்கூட.

ராத்திரி 9 மணிக்கு மேல் அந்த வீட்டு வாசலிலிருந்து புறப்பட்டு, 24 மணி நேரமும் டாக்டர் இருக்கிற பெரிய மருத்துவமனை வரை ஒரு நடை போய் வாருங்கள். எத்தனை நிமிஷம் என்று குறித்துக்கொள்ளுங்கள். மாமல்லபுரத்துக்கு ரயில் கிடையாது. திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்குச் சுமார் 30 கிலோமீட்டர். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி 1965-லிருந்து இருக்கிறது. இந்த வட்டாரமே நம்பியிருக்கிற பெரிய ஆஸ்பத்திரி அதுதான். கேளம்பாக்கம், காட்டாங்கொளத்தூர், மேல்மருவத்தூரில் தனியார் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உண்டு. உங்களுக்கு எது பக்கம் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள்.

மாரடைப்பில் ஒவ்வொரு நிமிஷமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதற்கு முன் ஸ்கேனும் எடுத்தாக வேண்டும். ஆகவே, "ஸ்கேன் ராத்திரியிலயும் எடுப்பீங்களா? ஹார்ட் அட்டாக்னா ஆஞ்சியோ இங்கேயே செய்வீங்களா?" என்று நேரிலேயே கேளுங்கள். 108 ஆம்புலன்ஸுக்கு உங்கள் வீட்டு அடையாளத்தை எப்படிச் சொல்வது என்று எழுதி போன் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். 'சவுக்குத் தோப்புக்குப் பக்கத்துல' என்றால் அங்கே பத்து சவுக்குத் தோப்பு இருக்கும்!

தோப்பும் புதரும் உள்ள இடத்தில் பாம்பும் உண்டு. வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுக்கிற விஷத்திலிருந்துதான் விஷமுறிவு மருந்து தயாராகிறது. கடித்தால் கட்டுப்போடுவது, கீறுவது, மந்திரிப்பது எதுவும் வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தரையில் படுப்பதைத் தவிர்த்துக் கட்டிலில், கொசுவலைக்குள் தூங்குங்கள்.

அமைதி வேறு, தனிமை வேறு

கடைசியாக ஒன்று. நாற்பது வருஷம் மாம்பலத்தில் குடியிருந்தவர்களுக்குப் பால்காரர், காய்கறிக்காரம்மா, எதிர்வீட்டு மாமி எல்லாரும் உறவு. புது இடத்தில் சத்தமும் இல்லை, பேச்சுத் துணையும் இல்லை என்றால் மனசு வாடும். மனசு வாடினால் தூக்கமும் பசியும் போகும். வயதானவர்களுக்கு இது லேசான விஷயம் அல்ல. மருந்துக் கடை, காய்கறிக் கடை, கோயில், பஸ் நிறுத்தம் நாலும் நடந்து போகிற தூரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கார் ஓட்டத் தெரிந்தவர் ஒருவர்தான் என்றால், அவர் படுத்துவிட்ட அன்று மற்றவர் என்ன செய்வார் என்றும் யோசியுங்கள்.

எங்கள் யோசனை இதுதான். பெரிய வசதியும் டாக்டரும் அடிக்கடி தேவைப்படுகிறவர்கள் செங்கல்பட்டு ரயில் பாதையை ஒட்டி, ஆனால் தண்டவாளத்திலிருந்தும் ஜி.எஸ்.டி. சாலையிலிருந்தும் நாலைந்து தெரு உள்ளே தள்ளிப் பாருங்கள். உடம்பு திடமாக இருப்பவர்கள் திருக்கழுக்குன்றம் மாதிரி நடுவில் உள்ள பழைய ஊர்களைப் பார்க்கலாம். கடற்கரைதான் வேண்டும் என்றால், தனி மனையைவிட நாலு குடும்பம் சேர்ந்து வாழ்கிற தெருவே மேல்.

எதுவானாலும் முதலில் வாங்காதீர்கள். இருக்கிற வீட்டை விற்காமல் வாடகைக்கு விட்டுவிட்டு, அந்த வாடகையில் அங்கே ஒரு வருஷம் குடியிருங்கள். ஒரு கோடை, ஒரு மழைக்காலம், ஐம்பத்திரண்டு சனிக்கிழமை ராத்திரி. பிடித்துப் போனால் பத்திரம் பதியுங்கள். பிடிக்காவிட்டால் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பி வந்துவிடலாம். எதிர்வீட்டு மாமி இன்னும் அங்கேதான் இருப்பார்!