கத்தியும் பழகுவோம், நாற்காலியையும் விடமாட்டோம்

தாடி மழிப்பது பத்து நிமிட வேலை. நம்மில் பலருக்கு அது அரை நாள் வேலையாக இருந்திருக்கிறது. உள்ளூரில் சலூன் இருக்கும். கையில் காசும் இருக்கும். ஆனாலும் பஸ் ஏறி, நாம் எந்தத் தெரு என்று தெரியாத டவுனுக்குப் போய்த்தான் நாற்காலியில் உட்கார வேண்டியிருந்தது. சில ஊர்களில் இன்றும் நிலைமை இதுதான். தீண்டாமை பற்றிய கள ஆய்வுகளில் இரட்டைக் குவளைக்குப் பக்கத்திலேயே முடிதிருத்த மறுப்பதும் இடம்பெறுகிறது.

அண்ணல் அம்பேத்கர் சிறுவனாகச் சதாராவில் வாழ்ந்தபோதும் இதே கதைதான். ஊரில் நாவிதர்கள் இருந்தார்கள். கூலி கொடுக்கக் குடும்பத்துக்கு வசதியும் இருந்தது. ஆனால் அந்தப் பிள்ளைகளின் தலையைத் தொட யாரும் முன்வரவில்லை. தம் அக்காதான் வீட்டுப் பையன்களுக்கு முடிவெட்டி, வெட்டி வெட்டியே அந்த வேலையில் தேர்ந்துவிட்டார் என்று அண்ணலே தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறார்.

நம் சேரிகளிலும் கத்தி அப்படித்தான் நம் கைக்கு வந்தது. பல தெருக்களில் யாராவது ஒரு பெரியவரிடம் மடக்குக் கத்தி, சாணைக்கல், பழைய தோல் வார் மூன்றும் ஒரு தகரப் பெட்டியில் இருக்கும். மாப்பிள்ளைக்கும் அவர்தான் மழிப்பார், கருமாதிக்கும் அவர்தான். யாரும் சான்றிதழ் கொடுக்காத அந்தக் கைத்திறன் இப்போது மறைந்து வருகிறது. அன்று வேறு வழியில்லாமல் கற்றதை இன்று நம் பிள்ளைகள் விரும்பிக் கற்கலாம்.

கத்தி பிடிப்பது

சவரக்கத்தியில் பாதி வேலை தண்ணீருடையது. வெந்நீரில் நனைத்த துணியை இரண்டு மூன்று நிமிடம் முகத்தில் வைத்தால் முடி மிருதுவாகும். பிறகு பிரஷ்ஷால் சோப்பை நன்றாக நுரைக்கத் தேய்க்க வேண்டும். காய்ந்த முகத்தில் கத்தி வைக்கவே கூடாது.

அடுத்தது முடி எந்தப் பக்கம் சாய்ந்து வளர்கிறது என்று விரலால் தடவிப் பார்ப்பது. கன்னத்தில் பெரும்பாலும் கீழ்நோக்கி வளரும். கழுத்தில் ஆளுக்கு ஆள் மாறும். பழகும் வரை முடி சாயும் பக்கமே மழிக்க வேண்டும். எதிர்ப்பக்கம் இழுத்தால் வழுவழுப்பாகும்தான், ஆனால் தோல் எரியும், கொப்புளம் வரும். சுருள் முடிக்காரர்களுக்கு முடி தோலுக்குள்ளேயே திரும்பி வளர்ந்து கட்டியாகும்.

கத்தியைத் தோலோடு ஏறத்தாழ 30 பாகை சாய்வில் பிடிக்க வேண்டும். அதற்கு மேல் நிமிர்த்தினால் வெட்டும். ஒரேயடியாகப் படுக்க வைத்தால் முடியைப் பிடித்து இழுக்கும். இன்னொரு கையால் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, சின்னச் சின்ன இழுப்பாக வர வேண்டும். அழுத்தம் கூடாது, கத்தியின் எடையே போதும். பக்கவாட்டில் நகர்த்தினால் அது சவரம் இல்லை, காயம்.

முதல் வாரம் கிருதாவுக்குக் கீழே கன்னத்தை மட்டும் மழித்துப் பழகினால் போதும். மோவாயும் மேலுதடும் கடைசியில்தான். பரு இருக்கும் இடத்தைத் தொட வேண்டாம். கத்தி கை நழுவி விழுந்தால் பிடிக்கப் போகாதீர்கள், விழ விடுங்கள். சிறு கீறலுக்குப் படிகாரத்தை நனைத்து வைத்து அழுத்தினால் ரத்தம் நிற்கும்.

கத்தியைப் பேணுவது

கத்தி வாங்குவது ஒரு நாள் வேலை. அதைக் காப்பாற்றுவது தினசரி வேலை. ஒவ்வொரு சவரத்துக்கும் முன்னால் தோல் வாரில் தீட்ட வேண்டும். வாரை இழுத்துக் கட்டி, கத்தியைத் தட்டையாகப் படுக்க வைத்து, முதுகு முன்னே போக, கூர்ப்பக்கம் பின்னே வர இழுக்க வேண்டும். திருப்பும்போது முதுகின் மேலேயே புரட்ட வேண்டும். கூர்ப்பக்கத்தில் புரட்டினால் வாரும் கிழியும், கூரும் போகும். முப்பது நாற்பது தடவை போய் வந்தால் போதும்.

வாரில் தீட்டியும் முடி இழுபட்டால்தான் கல்லுக்குப் போக வேண்டும். கல்லில் முறை நேர்மாறு: கூர்ப்பக்கம் முன்னே போகும். முதுகும் கூரும் இரண்டும் கல்லில் படிந்திருக்க வேண்டும். நைசான கல்லும் மெல்லிய கையும் இருந்தால், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை கல்லில் வைத்தாலே போதும். அரிவாள் தீட்டும் கரடுமுரடான கல்லில் வைத்தால் கத்தி அன்றோடு முடிந்தது.

வேலை முடிந்ததும் கழுவி, ஈரம் ஒட்டத் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு தடவி வைக்க வேண்டும். ஈரத்தோடு மடக்கினால் மறுநாளே துரு ஏறும். ஒருவர் கத்தி ஒருவருக்குத்தான். ரத்தத்தின் வழியே மஞ்சள் காமாலைக் கிருமியும் எச்.ஐ.வி.யும் பரவும். பலருக்குச் சவரம் செய்பவர் ஆளுக்கு ஒரு புது பிளேடு மாற்றும் கத்தியைத்தான் பயன்படுத்த வேண்டும்.

அந்த வாரையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தோல் உரிப்பதும் பதனிடுவதும் நம் மக்கள் தலையில் சுமத்தப்பட்ட வேலை. நம் கை பதனிட்ட தோலில் கத்தி கூர் ஏறியது; அதே கத்தி நம் முகத்துக்கு மட்டும் ஆகாது என்றது.

நாற்காலி நம் உரிமை

வீட்டில் மழிக்கக் கற்றுக்கொண்டோம் என்பதற்காகச் சலூன் நாற்காலியை விட்டுக்கொடுக்க முடியாது. அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. சாதியைக் காட்டி யாரையும் கடைக்குள் விடாமல் தடுக்கக் கூடாது என்கிறது 15ஆம் பிரிவு. தீண்டாமையால் சேவை மறுப்பது 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் வந்த திருத்தம், கடைக்குள் நுழையவிடாமல் தடுப்பதையும் குற்றமாகச் சேர்த்தது.

யாரும் சாதியைச் சொல்லி மறுப்பதில்லை. "ஆள் இல்லை", "கரண்ட் இல்லை", "கடை சாத்தப் போறோம்" என்பார்கள். அதனால் தேதி, நேரம், உடன் இருந்தவர் பெயர், நமக்குப் பிறகு யாருக்கு வெட்டினார்கள் என்பதை அன்றே எழுதி வையுங்கள். புகாரை எழுத்தில் கொடுங்கள். வன்கொடுமை வழக்கில் முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை தேவையில்லை. விசாரிக்க வேண்டியவர் டி.எஸ்.பி. நிலை அதிகாரி. உதவிக்கு 14566 என்ற எண் இருக்கிறது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. ஊர்ச் சலூன்காரர் பெரும்பாலும் மிகவும் பிற்படுத்தப்பட்ட மருத்துவர் சமூகத்தவர். தலைமுறை தலைமுறையாக ஊர்க்கூலிக்கு உழைத்து, அவமானத்தையும் சேர்த்து வாங்கியவர்கள். "அவங்களுக்கு வெட்டினா நாங்க வரமாட்டோம்" என்று ஆதிக்கச் சாதியார் மிரட்டும்போது தனி ஆளாக நிற்பவர் அவர். அதற்காக அவர் மறுத்தது சரியாகிவிடாது. ஆனால் மிரட்டியவர் பெயரும் புகாரில் வர வேண்டும். கத்தி பிடித்த கையோடு வழக்கு முடிந்தால் குற்றத்தின் வேர் தப்பிவிடும்.

தொழிலாக எடுக்க நினைக்கும் இளைஞர்கள் மாவட்டத் தாட்கோ அலுவலகத்தில் மானியக் கடன் பற்றி விசாரிக்கலாம். கடையைச் சேரிக்குள் வைக்காமல் கடைத்தெருவிலேயே வையுங்கள். சேரிக்குள் வைத்தால், "உங்களுக்குத்தான் தனிக் கடை வந்துவிட்டதே" என்று ஊர்ச் சலூனின் கதவை நிரந்தரமாகச் சாத்திவிடுவார்கள். கடைத்தெருவில் நம் பிள்ளை போடும் நாற்காலியில் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். உட்கார்ந்தவரிடம் எந்தத் தெரு என்று அவன் கேட்கப் போவதில்லை.