மூட்டையில் அடித்த வாரம்

குன்னம் பக்கத்து வாசகர் ஒருவர், வீடு கட்ட வாங்கிய சிமெண்ட் மூட்டையைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறார். ஓரத்தில் மங்கலாக ‘டபிள்யூ 30’, பக்கத்தில் ஆண்டு. கேட்டதற்குக் கடைக்காரர், “அது கம்பெனிக் கணக்கு, உங்களுக்கு எதுக்கு சார்?” என்றாராம்.

நமக்கான கணக்கேதான் அது. அந்த ஆண்டின் 30-வது வாரத்தில் அடைத்த மூட்டை. ஏழால் பெருக்கினால் 210-வது நாள். ஜூலைக் கடைசி, அதாவது நடு ஆடி. ஆடியில் யார் மனை போடுகிறார்கள்? ஆவணி முகூர்த்தத்துக்குள் விற்றுப்போனால் சரி. ஐப்பசி மழைவரை கிடங்கில் கிடந்தால், காற்றிலிருக்கும் ஈரமே சிமெண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிவிடும். மூன்று மாதத்தில் வலு ஐந்தில் ஒரு பங்கு குறையலாம் என்பது பாடநூல் கணக்கு. மூன்று மாதம் தாண்டிய மூட்டையைச் சோதித்துவிட்டே பயன்படுத்த வேண்டும். கையை உள்ளே விட்டுப் பாருங்கள்: விரலால் நசுக்கி உதிராத கட்டி தட்டுப்பட்டால் அந்த மூட்டை வேண்டாம்.

ஐ.எஸ்.ஐ. முத்திரையின் தலையில் இருப்பது தர எண். 269 என்றால் சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்ட். 1489 பாகம் 1 என்றால் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்தது. முத்திரைக்குக் கீழே ‘சி.எம்/எல்’ என்று தொடங்குவது உரிம எண். அதை ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் போட்டால் ஆலையின் பெயரும் முகவரியும் வரும். உரிமம் நடப்பில் உள்ளதா என்பதும் தெரியும்.

1979 முதல் அரசு சிமெண்ட் ஆலையே ஓடும் ஊர் அரியலூர். சுண்ணாம்புக்கல் லாரிப் புழுதியை அன்றாடம் சுவாசிக்கிற நம் ஆட்களே மேஸ்திரி சொன்ன பிராண்டைக் கேட்டு வாங்குகிறார்களே தவிர, மூட்டையைத் திருப்பிப் பார்ப்பதில்லை. இருமல் மருந்து வாங்கினால் என் அம்மா பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துத் தேதி பார்க்காமல் காசு கொடுக்கமாட்டார்; லட்சக்கணக்கில் போட்டுக் கட்டும் வீட்டுக்கு அந்தக் கவனம் கூடாதா? ஆலைகளையும் சொல்ல வேண்டும். சின்னத்துக்கு அரை மூட்டை இடம், வாரத்துக்கு அழிந்துபோகும் மை!

எண் சரியாக இருந்தாலும் வாயைப் பாருங்கள். பிரித்துக் கையால் மறுபடி தைத்த தடம் இருந்தால் இறக்கவிடாதீர்கள். பழைய மூட்டையில் கலப்படம் நிரப்பி விற்பவர்கள் உண்டு. காலி மூட்டைகளைப் பழைய சாக்குக்காரருக்குப் போடும்போது சித்தாளிடம் குறுக்கே ஒரு கீறல் போட்டுவிடச் சொல்லுங்கள்.