கண்ணிதோறும் எண்ணெய்

நுழையும்முன்

மிதிவண்டி ஓட்டுவது ஒரு திறன். அதனை ஓடும் நிலையில் வைத்திருப்பது மற்றொரு திறன். முன்னதைப் பெரும்பாலோர் இளமையிலேயே கற்றுவிடுகின்றனர். பின்னதைப் பட்டறைக்காரரிடம் விட்டுவிடுகின்றனர். மிதிவண்டியின் சங்கிலி எவ்வாறு இயங்குகிறது, எதனால் தேய்கிறது, அதனை எவ்வாறு பேணுவது என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

பூவும் மிதிவண்டியும்

புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடி வட்டத்தில் அமைந்துள்ள கீரமங்கலம், மலர்ச்சந்தைக்குப் பெயர்பெற்ற பேரூர். சேந்தன்குடி, கொத்தமங்கலம், பனங்குளம் முதலிய சுற்றுப்புற ஊர்களில் விளையும் மல்லிகை, முல்லை, கனகாம்பரம், சம்பங்கி ஆகிய மலர்கள் இங்கு விற்பனைக்கு வருகின்றன. எந்நேரமும் பேருந்து வாராத ஊர்ப்புறச் சாலைகளில், சந்தைக்கும் பள்ளிக்கும் வயலுக்கும் செல்வோருக்கு மிதிவண்டி உற்ற துணையாகும்.

மிதிவண்டி வரலாற்றில் புதுக்கோட்டை மாவட்டத்திற்குத் தனியிடம் உண்டு. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் இம்மாவட்டத்தில் எழுத்தறிவைப் பரப்பியபோது, அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தால் மிதிவண்டிப் பயிற்சியும் அதனோடு இணைந்தது. வேளாண் தொழிலாளர், கல்குவாரித் தொழிலாளர் எனப் பல்லாயிரம் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். பெண்களுக்கான வண்டிகள் போதாதபோது, குறுக்குத்தண்டு கொண்ட ஆண்கள் வண்டிகளையே ஓட்டினர். அத்தண்டில் குழந்தையை அமர்த்திச் செல்லலாம் என்று அவ்வண்டியையே விரும்பியோரும் உண்டு. இதழாளர் பி. சாய்நாத் இந்நிகழ்வைப் பற்றி எழுதிய கட்டுரை நாடெங்கும் பேசப்பட்டது. பிறரை எதிர்பார்த்துக் காத்திருக்கும் நிலை மாறியதே அப்பெண்கள் பெற்ற பெரும்பேறு.

2001-2002ஆம் கல்வியாண்டில் ஆதிதிராவிடர், பழங்குடியின மேனிலை வகுப்பு மாணவியர்க்காகத் தொடங்கப்பட்ட விலையில்லா மிதிவண்டித் திட்டம், 2005-2006இல் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேனிலை மாணவர் அனைவருக்கும் விரிவாக்கப்பட்டது. இன்று பதினொன்றாம் வகுப்பு மாணவர் பலரின் அன்றாடப் பயணம் அவ்வண்டியில்தான் நிகழ்கிறது. தேர்வு நாளன்று பாதிவழியில் சங்கிலி அறுந்தால் மிதிகட்டை வீணே சுழலும், வண்டி நகராது. ஆகவே, சங்கிலியைப் பேணுதல் தம் பயணத்தைத் தம் கையில் வைத்திருத்தலாகும்.

சங்கிலியின் அமைப்பு

தொடக்ககால மிதிவண்டிகள் பலவற்றில் மிதிகட்டைகள் முன்சக்கரத்திலேயே பொருத்தப்பட்டிருந்தன. விரைவாகச் செல்ல அச்சக்கரத்தை மிகப் பெரியதாக்க வேண்டியிருந்தது. விழுந்தால் அடியும் பெரிது. 1880இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஹான்ஸ் ரெனால்டு உருளைச் சங்கிலியை உருவாக்கினார். 1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி வடிவமைத்த ‘ரோவர்’ வண்டி, சங்கிலியால் பின்சக்கரத்தைச் சுழற்றியது. இன்றைய மிதிவண்டியின் வடிவம் அதிலிருந்து வந்ததே.

சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் பக்கத்தகடுகள், அவற்றை இணைக்கும் முளை, முளையைச் சூழ்ந்த குழல், குழலின்மேல் சுழலும் உருளை ஆகியன உள்ளன. குழலைப் பட்டறைகளில் ‘புஷ்’ என்பர். ஒரு முளையின் நடுவிலிருந்து அடுத்த முளையின் நடுவரை உள்ள தொலைவு அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர்.

முன்னுள்ள பற்சக்கரத்தில் 44 பற்களும் பின்னுள்ளதில் 18 பற்களும் இருப்பதாகக் கொள்வோம். மிதிகட்டை ஒருமுறை சுற்றினால் பின்சக்கரம் ஏறத்தாழ இரண்டரை முறை சுற்றும். ஒவ்வொரு கண்ணியும் பற்சக்கரத்தில் ஏறும்போது மடங்குகிறது, இறங்கும்போது நிமிர்கிறது. ஐந்து கிலோமீட்டர் இடைவிடாது மிதித்துச் சென்றால், ஒரு கண்ணி ஆயிரம் முறைக்குமேல் இவ்வாறு அசைகிறது. ஒவ்வோர் அசைவிலும் முளையும் குழலும் ஒன்றோடொன்று உராய்கின்றன.

நீள்கிறதா, தேய்கிறதா?

‘சங்கிலி நீண்டுவிட்டது’ என்பது உலக வழக்கு. உண்மையில் இரும்புத் தகடுகள் இழுபட்டு நீள்வதில்லை. முளையும் குழலும் தேய்ந்து, அவற்றுக்கிடையே இடைவெளி உண்டாகிறது. கண்ணிக்கு ஒரு மயிரிழையளவே ஆயினும், நூற்றுக்கு மேற்பட்ட கண்ணிகளின் இடைவெளி சேர்ந்து சங்கிலி நீண்டதுபோல் தோன்றுகிறது. தேய்வு நிகழும் இடம் கண்ணுக்குப் புலப்படாத உட்புறம் என்பதால், சங்கிலியின் மேற்புறத்தில் பூசிய எண்ணெய் பயன் தராது. மேலே படிந்த எண்ணெய் செம்மண் புழுதியை ஈர்த்து, உரசித் தேய்க்கும் பசையாக மாறும்.

எண்ணெயிடும் முறை

முதலில் தூய்மை செய்தல் வேண்டும். வண்டியைத் தாங்கியில் நிறுத்தி, பழைய பல்துலக்கியை மண்ணெண்ணெயில் நனைத்துச் சங்கிலியின் அழுக்கை அகற்றி, துணியால் துடைத்து நன்கு உலரவிடுதல் வேண்டும். மண்ணெண்ணெய் பழைய எண்ணெயைக் கரைத்துவிடுவதால், தூய்மை செய்தபின் எண்ணெயிடாமல் விடுதல் கூடாது. அடுப்பு, விளக்கு ஆகியவற்றின் அருகில் இப்பணியைச் செய்யலாகாது.

அடுத்து, மிதிகட்டையைக் கையால் மெல்லப் பின்னோக்கிச் சுழற்றியவாறு, சங்கிலியின் கீழ்வரிசையின் உட்பக்கத்தில் உருளை ஒவ்வொன்றின்மேலும் ஒரு சொட்டு எந்திர எண்ணெய் இடுதல் வேண்டும். பலமுறை சுழற்றிச் சிறிது நேரம் விட்டால் எண்ணெய் உட்புகும். இறுதியாக, வெளியே எஞ்சிய எண்ணெயை உலர்துணியால் முற்றிலும் துடைத்துவிடுதல் இன்றியமையாதது. சங்கிலிக்கும் பற்சக்கரத்துக்கும் இடையே விரல் செல்லாதவாறு கவனமாக இருத்தல் வேண்டும். தடைக்கட்டைகள் பற்றும் சக்கர விளிம்பில் எண்ணெய் பட்டால் வண்டி நிற்காது என்பதையும் மறக்கலாகாது.

தேங்காய் எண்ணெய் போன்ற தாவர எண்ணெய்கள் நாளடைவில் காற்றுப்பட்டுப் பிசுபிசுத்துக் கெட்டியாகும். மோட்டார் வண்டியிலிருந்து வடித்த பழைய எண்ணெயில் கரியும் உலோகத்துகளும் கலந்திருக்கும். எனவே இவ்விரண்டும் ஏற்றவையல்ல. வடகிழக்குப் பருவமழையில் நனைந்த வண்டியை அன்றே துடைத்து எண்ணெயிட்டால் துருப்பிடிக்காது.

தெரிந்து தெளிவோம்

1999இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மிதிவண்டிச் சங்கிலி தான் பெறும் ஆற்றலில் 98.6 விழுக்காடு வரை பின்சக்கரத்திற்குக் கடத்த வல்லது எனக் கண்டனர். ஆய்வகத்தின் தூய சூழலில் எண்ணெயால் இவ்வளவில் பெரிய மாற்றம் ஏற்படவில்லை. புழுதியும் மழையும் நிறைந்த சாலையில் தேய்வையும் துருவையும் தடுப்பதே எண்ணெயின் தலையாய பணி.

அடிக்கோலால் ஓர் ஆய்வு

சங்கிலியின் தேய்வை அறியச் சிறப்புக் கருவி தேவையில்லை. பள்ளி அடிக்கோலே போதும். இழுவிசையில் உள்ள சங்கிலியின்மேல் கோலை வைத்து, ஒரு முளையின் நடுவைச் சுழியத்துடன் பொருத்தி, அடுத்துள்ள முளைகளை எண்ணுதல் வேண்டும். புதிய சங்கிலியில் 24ஆம் முளையின் நடு சரியாக 12 அங்குலத்தில் அமையும். அது 1/16 அங்குலம் கடந்திருப்பின் சங்கிலியை மாற்றும் காலம் வந்துவிட்டது. 1/8 அங்குலம் கடந்திருப்பின் பற்சக்கரங்களும் தேய்ந்திருக்கக்கூடும். அவற்றின்மேல் புதிய சங்கிலியை மாட்டினாலும் அது பற்களைத் தாண்டி நழுவும். காலத்தே சங்கிலியை மட்டும் மாற்றுவோர்க்குப் பற்சக்கரத்தின் செலவு மிச்சமாகிறது.

சங்கிலியின் தளர்ச்சியும் அளவோடிருத்தல் வேண்டும். கீழ்வரிசையின் நடுவை விரலால் மேலும் கீழும் அசைத்தால் ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை அசையலாம். மிகத் தளர்ந்தால் சங்கிலி கழலும். மிக இறுகினால் அச்சுக்குண்டுகள் தேயும். பின்சக்கர மரைகளைத் தளர்த்திச் சக்கரத்தை இருபுறமும் சமமாக நகர்த்தி, மீண்டும் இறுக முடுக்கி இதனைச் சரிசெய்யலாம். சங்கிலியை இணைக்கும் ‘செயின் லாக்’ கவ்வியின் மூடிய முனை, மேல்வரிசையில் வரும்போது முன்பக்கம் நோக்கியிருத்தல் வேண்டும். மாறியிருந்தால் எதிலேனும் தட்டிக் கழன்றுவிடும்.

துணி, பல்துலக்கி, சிறிது எண்ணெய், அரைமணி நேரம் ஆகியனவே இதற்குத் தேவை. மாதம் ஒருமுறையும் மழையில் நனையும்போதெல்லாமும் இப்பணியைச் செய்துவரும் மாணவர், தம் வண்டியை மட்டுமன்றி வீட்டிலுள்ளோர் வண்டியையும் பேணவல்லவர் ஆவர்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வகுப்பு மாணவர் ஐவரின் மிதிவண்டிச் சங்கிலிகளை அடிக்கோலால் அளந்து, தேய்வை அட்டவணைப்படுத்துக.

2. ‘சங்கிலி நீள்கிறது’ என்னும் வழக்கு பொருந்தாமைக்குக் காரணம் கூறுக.

3. உங்கள் ஊர் மிதிவண்டிப் பட்டறையில் வழங்கும் கருவிகள், உதிரி உறுப்புகள் ஆகியவற்றின் பெயர்களைத் திரட்டி, அவற்றுக்கு ஏற்ற தமிழ்ச்சொற்களை எழுதுக.