ரேடியமும் பால்பல்லும்

1898 டிசம்பர் 26 அன்று பிரெஞ்சு அறிவியல் அகாடமியில் ரேடியம் பற்றிய அறிவிப்பு வந்தது. பத்தே நாளில், அதைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான மேரி கியூரி தன் நோட்டில் இன்னொரு செய்தியைக் குறித்தார்: மகள் ஐரீனுக்கு 15 பற்கள் முளைத்துவிட்டன! குழந்தையின் எடை, உணவு, தவழ்ந்தது, நடந்தது எல்லாமே அந்த நோட்டில் உண்டு. ஆய்வுக்கூடப் பழக்கம் வீட்டிலும் விடவில்லை போலும்.

அதற்காக அவர் எந்நேரமும் மகள்களோடு இருந்தார் என்று நினைத்துவிடக் கூடாது. பகலெல்லாம் ஆய்வுக்கூடம்தான், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர் மாமனார் யூஜின் கியூரி.

1906இல் கணவர் பியேர் குதிரைவண்டியில் அடிபட்டு இறந்தபோது ஐரீனுக்கு 8 வயது, இளையவள் ஈவுக்கு ஒன்றரை. மேரி பாரிஸை ஒட்டிய ஸோ என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தார். தோட்டத்தில் ஊஞ்சல் கம்பி, வளையம், கயிறு கட்டி மகள்களை உடற்பயிற்சி செய்யவைத்தார்.

பள்ளியில் பிள்ளைகளை நாள் முழுக்க அடைத்துவைப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. நண்பர்களான பேராசிரியர்கள் சேர்ந்து, தங்கள் பிள்ளைகளுக்குத் தாங்களே முறைவைத்துப் பாடம் எடுத்தார்கள். லான்ஷ்வான் கணிதம், ழான் பெரென் வேதியியல், மேரி இயற்பியல். ஒருநாள் மேரி கேட்டார்: ஜாடியிலுள்ள சூடான திரவம் ஆறாமலிருக்க என்ன செய்யலாம்? கம்பளி சுற்றலாம் என்பது போல ஆளுக்கொரு யோசனை. மேரியோ, முதலில் மூடியைப் போடுவேன் என்றார்.

இரண்டு ஆண்டுகளில் அந்தக் கூட்டுப்பள்ளி கலைந்தது. கணக்கு மட்டும் நிற்கவில்லை. ஈவு பியானோ பக்கம் போனாள். ஐரீனுக்கோ விடுமுறையிலும் அம்மாவிடமிருந்து தபாலில் கணக்குகள் வந்தன.