நலங்கு மாவும் அதன் பெயர்களும்: கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர் வழக்கை முன்வைத்து ஒரு நோக்கு

முன்னுரை

மலேசியத் தமிழர் இல்லங்களில் தோல் பேணலுக்கெனக் கையாளப்பெறும் பொருள்களுள் நலங்கு மாவு முதன்மையானது. திருமணத்தை ஒட்டி மணமக்களுக்கு நலங்கு வைக்கும் சடங்கில் இடம்பெறும் இம்மாவு, குழந்தையின் குளியலுக்கும் பெண்களின் அன்றாடப் பூச்சுக்கும் இன்றளவும் பயன்பட்டு வருகின்றது. பிரிக்பீல்ட்ஸில் ஜாலான் துன் சம்பந்தனை ஒட்டிய கடைகளிலும், கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாக் கடைத்தெருவிலும் இது அரைத்த பொட்டலமாகவும் அரைக்காத சரக்குகளாகவும் கிடைக்கின்றது. அச்சரக்குகளின் குணங்களைப் பட்டியலிட்ட கட்டுரைகள் பல வந்துவிட்டன. அவ்வரிசையில் மற்றொன்றைச் சேர்ப்பது நம் நோக்கமன்று. சரக்கின் பெயர் தமிழ், மலாய், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளுக்கிடையே கைமாறும்போது பொருளும் மாறிவிடுகின்றது. அம்மாற்றம் சில வேளைகளில் தோலையே தாக்குகின்றது. இதனை விளக்கவே இக்கட்டுரை முற்படுகின்றது.

அரிசி என்னும் சொல்

நலங்கு மாவின் அடிப்படை பச்சைப்பயறு ஆகும். அதன் மாவு தோலின் எண்ணெய்ப் பசையை உறிஞ்சிக்கொள்ளும். சீயக்காய் சேர்ப்பாரும் உளர்; அதிலுள்ள சப்போனின் என்னும் பொருள் நுரைத்து அழுக்கை நீக்குகின்றது. வெட்டிவேர், கோரைக்கிழங்கு, ஆவாரம்பூ, உலர்ந்த ரோசா இதழ் ஆகியன பெரும்பாலும் மணத்திற்காகவும் குளிர்ச்சிக்காகவும் சேர்க்கப்படுவன. இவற்றில் சிக்கல் ஏதும் இல்லை. சிக்கல் தொடங்குவது கார்போக அரிசியில்.

முனைவர் பட்ட ஆய்விற்காக நாம் அயல்நாட்டில் இருந்த காலத்து, நம் தாயார் அனுப்பிய மாவுப் பொட்டலத்தோடு, சரக்குகளின் பெயர்களைத் தம் கையால் எழுதிய தாளொன்றும் வந்தது. அதில் 'கார்போக அரிசி' என்றிருந்ததைக் கண்டு, கார் போகத்தில் விளையும் நெல்லரிசி போலும் என நாம் கருதினோம். தமிழ் கற்பிக்கும் தொழிலில் இருந்தும் நெடுநாள் அவ்வாறே கருதியிருந்தோம் என்பதை ஒப்புக்கொள்வதில் நமக்குத் தயக்கமில்லை. ஏனெனில் பெயர் அவ்வாறு பிரிந்துகொடுக்கின்றது. தமிழில் 'அரிசி' என்பது நெல்லின் உள்ளீட்டை மட்டும் குறிப்பதன்று. வித்து, பருப்பு என்னும் பொருளிலும் அது வழங்கும். ஏலரிசி, வெட்பாலை அரிசி, மூங்கிலரிசி என்பன சான்றுகளாம். கார்போக அரிசியும் அத்தகையதே. வடமொழியில் பாகுசி எனப்படும் செடியின் சிறிய கரிய வித்து அது. சோராலியா கோரிலிஃபோலியா என்பது அதன் தாவரவியற் பெயர்.

அவ்வித்தில் சோராலென் என்னும் வேதிப்பொருள் உள்ளது. தோலில் படிந்த சோராலென் மீது சூரிய ஒளியின் புறஊதா 'ஏ' கதிர் படும்போது, அது தோல் உயிரணுக்களின் மரபுப் பொருளோடு பிணைந்து அவற்றைச் சிதைக்கின்றது. தோல் சிவக்கும், மிகுந்தால் கொப்புளம் எழும், பின்னர்க் கருமை படியும். சித்த, ஆயுர்வேத மருத்துவர்கள் வெண்புள்ளி நோய்க்கு இவ்வித்தைக் கையாண்டது இக்கருமைப்படுத்தும் ஆற்றல் கருதியே. 1974இல் அமெரிக்க மருத்துவர்கள் சோராலென் வகையொன்றையும் புறஊதாக் கதிரையும் இணைத்துச் செதில்தோல் நோய்க்கு அளித்த சிகிச்சையும் இதே அடிப்படையினதே. நோயாளிக்கு மருந்தாகும் இவ்வாற்றல், முகம் பொலிவு பெறவேண்டிப் பூசிக்கொள்வாருக்கு நேர்மாறான பயனைத் தந்துவிடக்கூடும்.

வெயிலும் குளியல் வேளையும்

எண்ணெய் தேய்த்துக் குளித்த நாளில் வெயிலில் அலையலாகாது என்னும் வீட்டு விதி நம்மில் பலர் செவியுற்றதே. அவ்விதிக்குக் காரணங்கள் பல இருக்கலாம். அவற்றுள் ஒன்றை மேற்கூறிய வேதியியல் இன்று புலப்படுத்துகின்றது. தோட்டப்புறங்களில் விடியலுக்கு முன்னரே பால்மரம் சீவச் சென்ற பெண்கள், வேலை முடிந்து திரும்பிய பின்னரே நிதானமாகக் குளிப்பர். பூசிய மாவு வெயிலைக் காண வாய்ப்புக் குறைவு. இன்றோ காலையில் பூசிக் கழுவிவிட்டு எல்ஆர்டி நிலையத்திற்கு நடக்கின்றோம். கோலாலம்பூர் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 3 பாகையில் அமைந்த நகரம். அதன் வெயிலைப் பற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை. மேலும் புறஊதா 'ஏ' கதிர் சன்னற் கண்ணாடியையும் ஊடுருவ வல்லது.

எலுமிச்சைக்கும் இக்குணம் உண்டு. மலாயில் லிமாவ் நிப்பிஸ் எனப்படும் பழத்தின் சாற்றிலும், அதனினும் மிகுதியாகத் தோலிலும், சோராலென் குடும்பத்துப் பொருள்கள் அடங்கியுள்ளன. எலுமிச்சைச் சாற்றை மாவில் குழைத்துப் பூசி வெயிலிற் சென்றால் மறுநாளோ அதற்கடுத்த நாளோதான் எரிச்சல் தோன்றும். அதனால் காரணத்தை ஒருவரும் எலுமிச்சையோடு தொடர்புபடுத்துவதில்லை. படிந்த கருமை நீங்க வாரங்கள், சில வேளை மாதங்கள் ஆகும்.

கஸ்தூரி மஞ்சள் எது?

கறிமஞ்சளைப் போலன்றிக் கஸ்தூரி மஞ்சளில் குர்குமின் என்னும் நிறப்பொருள் மிகக் குறைவு. ஆதலின் அது தோலில் மஞ்சட்கறை படியவிடாது. குர்குமா அரோமாட்டிகா எனப்படும் உண்மைக் கிழங்கின் உட்புறம் வெளிறியது. கற்பூர மணம் உடையது. ஆனால் இப்பெயரில் பிற கிழங்குகள் விற்கப்படுவதைக் கேரளத்துத் தாவரவியலார் எடுத்துக்காட்டியுள்ளனர். கடையில் 'கஸ்தூரி மஞ்சள்' எனப் பளிச்சிடும் மஞ்சட்பொடி தரப்பட்டால் ஐயுறுவதே முறை. பூலாங்கிழங்கின் நிலையும் இதுவே. சிலர் அதனைக் குர்குமா செடோவாரியா என்பர். வேறு சிலர் ஹெடிச்சியம் ஸ்பைக்காட்டம் என்பர்.

மலாய்மொழி இவ்வினத்தைக் குன்யிட் என்றும் தெமு என்றும் பகுத்துக் காண்கின்றது. தெமு லாவாக், தெமு பூத்தே என்பன தனித்தனிக் கிழங்குகள். தமிழோ மஞ்சள் என்னும் தலைச்சொல்லுக்கு அடைமொழி சேர்த்து வழங்குகின்றது. ஆகவே சொல்லுக்குச் சொல் பெயர்த்தல் இங்குப் பயன்படாது. நம் மாணவர் ஒருவர் கஸ்தூரி மஞ்சளிலுள்ள கஸ்தூரியை லிமாவ் கஸ்தூரி எனக் கொண்டு, அச்சிறு புளிப்புப் பழத்தைப் பட்டியலில் எழுதிவிட்டார். அவரை நொந்து பயனில்லை. இந்நாட்டுப் பிள்ளைக்குக் கஸ்தூரி என்றவுடன் நினைவிற்கு வருவது அப்பழமே.

பெயர் நிலைத்துப் பொருள் மாறியதற்கு மருதாணி மற்றொரு சான்று. மருதாணி இலையின் லாசோன் செம்பழுப்பு நிறமே தரும். சில நிமிடங்களில் கரிய நிறம் தரும் 'கறுப்பு மருதாணி'யில் பெரும்பாலும் இருப்பது பாரா-பினைலீன்டையமின் என்னும் முடிச்சாய வேதிப்பொருள். கடும் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியது அது.

புதுப் பெயரில் பழஞ்சரக்கு

இதற்கு மறுதலையான நிகழ்வும் உண்டு. இன்று ஒப்பனைக் கடைகளில் 'பக்குச்சியோல்' என்னும் பெயருடைய குப்பிகள் உயர்ந்த விலைக்கு விற்கப்படுகின்றன. 2019இல் பிரித்தானியத் தோல்நோயியல் இதழொன்றில் வெளியான ஆய்வில் 44 பேர் 12 வாரம் இதனையோ ரெட்டினாலையோ பூசிக்கொண்டனர். சுருக்கங்களைக் குறைப்பதில் இரண்டும் ஒத்த பயன் தந்தன. பாகுசியிலிருந்து பெறப்பட்டதே இப்பெயர். பொருளும் அவ்வித்திலிருந்து பிரித்தெடுக்கப்படுவதே. சோராலென் நீக்கித் தூய்மைப்படுத்தப்பட்டது என்பது மட்டுமே வேறுபாடு. அதை வாங்கும் இளம்பெண்ணுக்குத் தன் பாட்டியின் பட்டியலிலுள்ள கார்போக அரிசியே இது என எடுத்துரைப்பார் இல்லை.

மஞ்சளின் புண்ணாற்றும் ஆற்றலுக்கு 1995இல் அமெரிக்காவில் வழங்கப்பட்ட காப்புரிமையை இந்திய அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் எதிர்த்தது; 1997இல் அவ்வுரிமை நீக்கப்பட்டது. அன்று துணைநின்ற சான்றுகளுள் 1953இல் இந்திய மருத்துவ இதழொன்றில் அச்சான கட்டுரையும் ஒன்று. பாட்டிமார் அறிந்திருந்தனர் என்று மட்டும் சொல்லியிருந்தால் வழக்கு வென்றிருக்குமா என்பது ஐயமே.

இதனைக் கருதியே நம் மாணவர்களுக்கு ஒரு சிறு பணி அளித்து வருகின்றோம். வீட்டு மூத்தோர் சொல்லும் சரக்குப் பெயரை அவர் ஒலிக்கும் வண்ணமே எழுதுதல், அருகில் சரக்கின் ஒரு துணுக்கை ஒட்டுதல், பின்னர் மலாய்ப் பெயரையும் தாவரவியற் பெயரையும் தேடிச் சேர்த்தல், பூசும் வேளையையும் கேட்டுக் குறித்தல் என்பன அப்பணியின் கூறுகள். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் இதனை எளிதில் மேற்கொள்ளலாம். கிள்ளானைச் சேர்ந்த மாணவியொருவரின் ஏட்டில் கார்போக அரிசிக்கு நேரே அவருடைய பாட்டியின் சொற்கள் மூன்றே உள்ளன: "அந்திக்கு மட்டும் பூசு."