உதை வாங்கும் ரப்பர்

துப்பாக்கி சுடுகிறவனையும் சேர்த்து உதைக்கும். 12 போர் தோட்டாவிலிருந்து 32 கிராம் ஈயம் நொடிக்கு 400 மீட்டர் வேகத்தில் முன்னால் பாய்ந்தால், 3 கிலோ துப்பாக்கி நொடிக்கு 4 மீட்டருக்கு மேல் வேகத்தில் பின்னால் வரும். துப்பாக்கியின் பிளாஸ்டிக் கட்டை மழையில் ஊறாது, வளையாது. ஆனால் அது பெரும்பாலும் மரத்தைவிட இலேசு, எடை குறைந்தால் உதை கூடும். அடிக்கட்டையில் இருக்கும் ரப்பர் திண்டு உதையை இல்லாமல் ஆக்குவதில்லை. தான் அமுங்கி, அதைச் சற்று மெதுவாகத் தோளில் இறக்கிவிடுகிறது.

மலேசியாவின் கேமரன் மலையில் ரிங்லெட் பக்கம், தேயிலைத் தோட்டத்தை ஒட்டித்தான் எங்கள் காய்கறிக் கொல்லை. காட்டுப்பன்றி இறங்கினால் சர்க்கரைவள்ளி பாத்தி ஒரே ராத்திரியில் காலி. சுட வேண்டுமானால் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி போலீஸ் லைசென்ஸ் வேண்டும். 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் லைசென்சும் வேண்டும். இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு, கல்லாய் இறுகிய திண்டோடு சுடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். உதைக்குப் பயந்தவன் விசையை இழுக்கும் முன்பே கண்ணை மூடிக்கொள்வான். குண்டு வீணானால் போகட்டும். பன்றி காயத்தோடு தேயிலைக்குள் பதுங்கினால், விடிந்ததும் கொழுந்து வெட்ட வருகிறவர்கள் கதி என்ன?

திண்டை மாற்றுவது சின்ன வேலைதான். முதலில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் பாருங்கள். திண்டின் முகத்தில் இரண்டு சிறு கீறல்கள் தெரியும், திருகாணிகள் அதற்குள்ளேதான். திருப்புளியில் சோப்புத் தண்ணீர் தடவி நுழைத்தால் ரப்பர் கிழியாது. பிளாஸ்டிக் கட்டை உள்ளே வெற்று. திருகாணி பிடிப்பது சின்ன பிளாஸ்டிக் குமிழில். புதுத் திண்டைக் கையால்தான் முடுக்க வேண்டும். டிரில் மெஷினை வைத்தால் மரை போய்விடும்.

அந்த மாடலுக்கே செய்த திண்டு கிடைத்தால் அதையே வாங்குங்கள். கிடைக்காவிட்டால் பெரிய அளவில் வரும் திண்டை மாட்டி, கட்டையின் ஓரத்தை ஒட்டிக் கோடு கிழித்து, கழற்றிய பிறகே உப்புத்தாளில் தேய்க்க வேண்டும். மரத்தில் கீறல் விழுந்தால் பாலிஷ் போட்டு மறைத்துவிடலாம். பிளாஸ்டிக்கில் அது கடைசிவரை நிற்கும்.

திண்டு தடிமனாக இருந்தால் நல்லது என்று நினைக்காதீர்கள். தடிமன் கூடக் கூடத் துப்பாக்கியும் நீளும். இங்கே ராத்திரிக் குளிருக்கு ஜாக்கெட் போடாமல் வெளியே போக முடியாது. நீண்ட கட்டை தோளுக்கு வரும் வழியில் அக்குளில் சிக்கும். ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டே அளவு பாருங்கள். பால்மரம் வெட்டிய குடும்பத்தில் பிறந்தவன் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன்: எண்ணெய் ரப்பருக்கு ஆகாது. குழலுக்கு எண்ணெய் போட்டுவிட்டுத் துப்பாக்கியை நிமிர்த்தி வைத்தால், எண்ணெய் வழிந்து திண்டுக்கு இறங்கும். அதனால் துடைத்துவிட்டுப் படுக்க வையுங்கள்.